ரிங்டோன் அண்ணனின் டெஸ்ட் கால்

அடிக்கிற கைப்பேசி யாருடையது என்ற குழப்பமே வராத இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஜெலுத்தோங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி. மற்ற இடங்களில் ஒரு போன் அடித்தால் நாலு பேர் பாக்கெட்டைத் தடவுவார்கள். எங்கள் கட்டடத்தில் போன் அடித்தால், ஐந்தாவது மாடியில் துணி காயப்போடுகிறவர் எட்டிப் பார்த்து, "லெட்சுமி அக்கா, உங்க போன் லா!" என்று கீழே கத்துவார். இந்தப் பெருமை முழுவதும் ஒரே ஆளைச் சேரும். அவர்தான் ரிங்டோன் அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தபால்பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்த்தாள் மழையில் கரைந்து, கடைசியில் ஒரு 'ன்' மட்டும் மிஞ்சியிருந்தது. வயது அறுபதுக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் மீன் வளர்ப்பார்கள், பூஞ்செடி வைப்பார்கள். இவர் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி வெட்டும் மென்பொருளை அதில் இறக்கி, கட்டடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ரிங்டோன் செய்ய ஆரம்பித்துவிட்டார். காசு வாங்கமாட்டார். சம்மதமும் கேட்கமாட்டார்.

அந்த மென்பொருளில் எல்லாக் கட்டளைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. அண்ணன் அவற்றுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். சத்தம் மெல்ல மெல்லக் கூடுவது 'ஏத்தம்'. மெல்லக் குறைவது 'எறக்கம்'. பின்னணியில் இருக்கும் இரைச்சலை நீக்குவது 'குப்பை கூட்டறது'. "முப்பது செகண்டுக்குள்ள ஒரு மனுசன அடக்கணும்மா. அதுக்கு மேல போனா எதிர்ப்பக்கம் வச்சிட்டுப் போயிடுவாங்க" என்பது அவருடைய கொள்கை. அதனால் சினிமாப் பாட்டெல்லாம் கிட்டவே வராது. யாருக்கு ரிங்டோனோ, அவருடைய வாழ்க்கையிலிருந்தே ஒரு சத்தத்தைப் பிடித்து வெட்டி ஒட்டித் தருவார்.

கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்க்கு அப்படித்தான் ஒரு ரிங்டோன் செய்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி தேநீருக்குப் பாய் போடும் குரலேதான் அது. "தே தாரெக் ரெண்டூ!" பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனைக் கல்லாமேல் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். அன்றைக்கென்று பார்த்து அரிசிக்காரர் விடாமல் போன் செய்திருக்கிறார். பாய் திரும்பி வந்தபோது பலகைமேல் பதினெட்டு கிளாஸ் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"யாருக்கு லா இவ்ளோ?"

"நீங்கதானே பாய் கத்துனீங்க!" என்றார் தேநீர் கலக்குபவர்.

"நான் கடையிலேயே இல்ல!"

பாய் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறி, அண்ணனைக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் ஏசினார். அண்ணன் பொறுமையாகத் தலையாட்டினார். பாய் மூச்சு வாங்க நிறுத்தியதும், "நன்றியெல்லாம் எதுக்கு பாய், நமக்குள்ள?" என்றார். பாய் அப்படியே இறங்கிப் போய்விட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது?

லெட்சுமி அக்கா விஷயம் இதைவிடப் பெரியது. அக்காவின் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். அண்ணன் அதைப் பக்கத்தில் நின்று பதிவுசெய்து, குப்பை கூட்டி, ஏத்தம் எறக்கம் வைத்து, அக்காவின் போனில் ஏற்றிவிட்டார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அக்காவின் கைப்பையிலிருந்து குறட்டை கிளம்பியது. அண்ணன் செய்த குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. அதில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும், நடுவில் ஒரு விசில் வரும்.

"சாமி வாசல்ல வந்து யாரு இப்படித் தூங்கறது?" என்று ஒரு அம்மா அதட்டினார்.

கூட்டமே திரும்பி, தூங்குகிறவரைத் தேடியது. அதற்குச் சொந்தக்காரரோ தலையில் பால்குடத்தோடு, இரண்டு கண்ணையும் அகலத் திறந்தபடி, பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

இந்தக் கட்டடத்துக்கு நான் தனியாக வந்து சேர்ந்தேன். கல்யாணம் முறிந்து, வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். அதே புக்கிட் தெங்காவில் வேறொரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ், கடல் பாலம் தாண்டி வேலை, சாயங்காலம் அதே பஸ். அலுவலகத்தில் நாள் முழுக்க போன் அடிக்கும். ஒன்றுகூட எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்தால் என் சொந்தப் போன் மேசைமேல் கல்லு மாதிரிக் கிடக்கும். சில நாள் அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அலுவலகத்திலிருந்து நானே என் எண்ணுக்கு அடித்ததும் உண்டு.

குடிவந்த இரண்டாவது வாரம் அண்ணன் கதவைத் தட்டினார்.

"புது ஆளா? போன குடு. பேரு என்ன?"

"மாலதி."

"நல்ல பேரு, பார்வதி. ஒரு ஹலோ சொல்லு."

சொன்னேன். பதிவானதை மடிக்கணினியில் ஏற்றி, திரையில் தெரிந்த நீலக் கோட்டைக் காட்டினார். தரையோடு தரையாக, எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது.

"பாரு, உன் சத்தம் எவ்ளோ குட்டியா இருக்குன்னு. யாருக்கோ பயந்துக்கிட்டுப் பேசற மாதிரி. இது வேணாம். நான் வேற வச்சிருக்கேன்" என்றார்.

அவர் ஏற்றித் தந்ததைக் கேட்டபோது முதலில் ஒன்றும் புரியவில்லை. சாவிக்கொத்து குலுங்கும் சத்தம், பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம், கம்பிக் கதவு இழுபடும் சத்தம். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து என் வீட்டைத் திறப்பதைத்தான் தாழ்வாரத்தில் நின்று பிடித்திருக்கிறார்.

"இந்தச் சத்தம் வந்தாதான், அந்த வீட்லயும் ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியுது" என்றார்.

விளைவு என்ன தெரியுமா? யாருமே வராத வீட்டில், போன் அடிக்கும்போதெல்லாம் யாரோ சாவி போட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வாசலுக்கு ஓடுவேன். அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிறகுதான் போன் நினைவுக்கு வரும். ஓடி வந்து எடுத்தால் மறுமுனையில் அண்ணன். "ஹலோ, டெஸ்டிங், டெஸ்டிங்."

டெஸ்ட் கால் என்பது அண்ணனின் இன்னொரு கண்டுபிடிப்பு. ரிங்டோன் செய்துகொடுத்தால் அது சரியாக அடிக்கிறதா என்று போன் செய்து பார்ப்பார். ஒரு நாள் இல்லை, தினமும். கட்டடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். எனக்குச் சாயங்காலம் ஆறரை.

"டெஸ்டிங். சத்தம் சரியா வருதா? சரி. இன்னிக்கு பாசார்ல கெம்போங் மீன் நல்லா இருந்துச்சி. மழை வர மாதிரி இருக்கு, துணிய எடுத்துடு. லிப்ட் மறுபடியும் கெட்டுப்போச்சி. சரி, வைக்கறேன்."

நடுவில் நான் ஏதாவது சொன்னால் பொருட்படுத்தமாட்டார். நான் "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்றால் அவர் லிப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நாலு நிமிடம், அவ்வளவுதான். ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன். ஆனாலும் ஆறேகாலுக்கே கையைக் கழுவித் துடைத்துவிட்டு போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அன்றைக்கு முழுக்க என் வீட்டுக்குள் வரும் மனிதக் குரல் அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வழக்கு முடிந்தது. கையெழுத்துப் போட்டேன், வெளியே வந்தேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். சொல்ல ஆள் இல்லை. ஆறரைக்கு போன் அடித்தது. அவர் "டெஸ்டிங்" என்று தொடங்குமுன்பே நான் கொட்டிவிட்டேன். "அண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சி. பதினோரு வருசம் அண்ணே. அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டாங்க" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அண்ணன் சொன்னார்: "நல்லது, நல்லது. சத்தம் தெளிவாதான் இருக்கு. பேஸ் சவுண்டு மட்டும் கொஞ்சம் ஏத்தணும்."

போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஆறரைக்கு அடித்தது. எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. யாரோ கதவைத் திறக்கிற சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. பத்து நாள் இப்படிப் போனது. பதினோராவது நாள் என்னால் தாங்க முடியவில்லை. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

கம்பிக் கதவு பூட்டியிருந்தது, உள்கதவு திறந்திருந்தது. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி, மேசைமுன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கதவைக் குலுக்கினேன். அசையவில்லை. காதில் பெரிய ஹெட்போன் இருக்கிறதே, எப்படிக் கேட்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஹெட்போனின் கம்பி மேசையிலிருந்து தரைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை எதிலும் செருகப்படவில்லை.

மனிதர் ஒன்றையும் கேட்கவில்லை. திரையில் ஓடும் நீலக் கோட்டைக் கண்ணாலேயே பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றிக் கதவுக் கம்பி வழியாக உள்ளே எறிந்தேன். அது மேசைக்காலில் பட்டதும்தான் திரும்பினார். என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த ஹெட்போன் கம்பியைப் பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"எவ்ளோ நாளா அண்ணே?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

"மூணு வருசமாச்சி. கொஞ்சம் கொஞ்சமா" என்றார். "பேக்டரியில காதுக்குப் பஞ்சு மாதிரி குடுப்பாங்க. நான் பாக்கெட்ல வச்சிக்குவேன். அத மாட்டிக்கிட்டா கூட்டாளிங்க பேசறது கேக்காதில்ல? இருபத்தாறு வருசம் அவனுங்க ஜோக்கக் கேட்டதுக்கு இது."

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

நான் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"சொன்னா என்ன ஆகும்? பாவம்னு நெனச்சி ரெண்டு நாள் சத்தமாப் பேசுவாங்க. மூணாவது நாள் கைய மட்டும் ஆட்டிட்டுப் போயிடுவாங்க. போன்னா பரவால்ல. நான் பேசிட்டு வச்சிடலாம்."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டு என்னை மேசைக்குக் கூட்டிப்போனார். டெஸ்ட் கால் எல்லாவற்றையும் தரம் பார்ப்பதற்காகப் பதிவுசெய்து வைப்பாராம். அந்த வெள்ளிக்கிழமையின் கோட்டைத் திறந்தார். எறும்பு ஊரும் என் குரல் அன்றைக்கு மட்டும் மேலே எகிறி, பொடிப்பொடியாக நடுங்கியிருந்தது.

"இங்க பாரு. இந்த எடத்துல உனக்கு என்னமோ ஆயிருக்கு. வச்சதுக்கப்புறம்தான் பார்த்தேன். கேக்கலாம்னு தினமும் அடிச்சேன். நீ எடுக்கல. எடுத்திருந்தாலும், கேட்டா நீ பதில் சொல்லுவியே, அத நான் எப்படி வாங்கறது?"

கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டன. "அடுத்தவங்க பேசறத இப்படிப் பதிவு பண்ணக்கூடாதுண்ணே. அழிச்சிடுங்க" என்று மட்டும் கத்திச் சொல்லி, சைகையும் காட்டினேன். மனசில்லாமல் அழித்தார். திரையில் ஒரு நேர்கோடு மிச்சமிருந்தது.

காதைச் சோதிக்கும் இடத்துக்கு அவரை அழைத்துப்போவதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. முதல் தடவை பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவிட்டார். இரண்டாவது தடவை லெட்சுமி அக்காவும் கூட வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அங்கே கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நல்ல தாளக்கட்டோடு ஏழு முறை அழுத்தினார். சோதிக்கும் சீனப் பெண் என்னைப் பார்த்து, தான் இன்னும் மிசினையே முடுக்கவில்லை என்று மலாயில் சொன்னார்.

முடிவில் காதில் மாட்டிக் கேட்க, காதுக்கொன்றாகச் சின்ன மிசின் வந்தது. வெளியே வந்து சாலையோரம் நின்றார். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. துள்ளிப் போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அலாமாக்! இவ்ளோ சத்தமாவா எல்லாரும் வாழறீங்க?" என்றார். அடுத்து, "உன் பேரு என்னம்மா?" என்றார்.

"மாலதி அண்ணே."

"அப்ப பார்வதி யாரு?"

அன்று மாலை தான் செய்த ரிங்டோன்களை முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டார். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த கோடுகள் காதுக்கு எப்படி இருந்தன என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பாயின் குரலைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றினார். குறட்டையைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, வீடு வீடாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார். "மாத்திக் குடுத்துடறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

ஒருவரும் மாற்றச் சம்மதிக்கவில்லை. பாய், "இந்தக் கட்டடத்துலயே என் போன் எதுன்னு எனக்குத் தெரியும் லா. அத ஏன் கெடுக்கற?" என்று விரட்டிவிட்டார். லெட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் அப்போது தொலைவில் ஜொகூரில் வேலைக்குப் போயிருந்தார், மாதம் ஒருமுறைதான் வருவார். அக்கா போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "தொடாதீங்கண்ணே" என்றார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அண்ணன் வெளியே வரும்போது மட்டும் மிசினை மாட்டிக்கொள்கிறார், வீட்டுக்குள் போனதும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டேன்.

"முன்னல்லாம் ஒண்ணும் கேக்கலன்னா, காதுதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்குவேன்" என்றார். "இப்ப மாட்டிக்கிட்டு உக்கார்றேன். ஐஸ்பெட்டி ஓடறது கேக்குது. காத்தாடி சுத்தறது கேக்குது. வேற ஒண்ணுமே இல்லம்மா. கேக்கறதுக்கே இங்க ஒண்ணும் இல்ல."

ஐஸ்பெட்டியும் காத்தாடியும் என் வீட்டிலும் ஓடுகின்றன. "புதன்கிழமை சாப்பிட வாங்கண்ணே" என்றேன்.

வந்தார். தன் தட்டைத் தானே கொண்டுவந்தார், கேட்டால் அந்தத் தட்டில்தான் சோறு இறங்குமாம். அன்றிலிருந்து புதன்கிழமை வழக்கமாகிவிட்டது. மூன்று வருடம் யார் பேச்சையும் கேட்காமல் பேசிப் பழகியவர், மற்றவர் பேசும்போது சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டார். "வேலை எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். நான் முறைத்தால் வாயில் விரலை வைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டு காய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நான் பேச ஆரம்பித்துவிட்டேன். என் கல்யாணம், அந்தப் பதினோரு வருடம், எந்த நாளில் எது உடைந்தது, நான் எங்கே தப்புச் செய்தேன் என்று, வக்கீலிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அண்ணன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. மீனைப் பற்றியும் பேசவில்லை, லிப்டைப் பற்றியும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சரியான இடங்களில் தலையாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனிதர் எவ்வளவு மாறிவிட்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னண்ணே நெனைக்கறீங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் தயங்கினார். காதிலிருந்து மிசின் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பேட்டரி போச்சிம்மா. நீ ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே போயிடுச்சி. வீட்ல வேற இருக்கு. ஆனா நீ பேசிக்கிட்டு இருந்த, நடுவுல எந்திரிச்சிப் போக மனசு வரல."

அவரைப் போய்ப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவர் வருவதற்குள் இரண்டு கிளாஸ் தேநீர் போட்டேன். வந்து உட்கார்ந்தார். மழை இன்னும் விடவில்லை. நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.